கடைசி வரியில் திணற வேண்டும்

— தடதடன்னு சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பஸ்ஸா ஓட்டறீங்க?

— மனப்பாடமா வரணும்னு நீதானே சொன்னே.

— மனப்பாடமா வரணும். மனப்பாடம்னு தெரியக் கூடாது. நாளன்னைக்கு கம்பெனி அனுப்பற கண்ணு செக்கப்புல, டாக்டர் முன்னாடி இப்படி ஒப்பிச்சா அவர் சார்ட்டைப் பாக்க மாட்டார், உங்க மூஞ்சியைத்தான் பாப்பார். மறுபடி முதல்லேருந்து. வலது கண்ணை மூடுங்க. விரல் இடுக்குல பாக்காதீங்க.

— பாக்கலை. இந்தா, உள்ளங்கையாலயே மூடியிருக்கேன். ரைட்டு. முதல் வரி, ப. ரெண்டாவது, ட, ம. மூணாவது, க, ர, ல.

— இங்க ஒரு மூச்சு விடுங்க. கழுத்தைக் கொஞ்சம் முன்னாடி நீட்டுங்க.

— அது எதுக்கு?

— எல்லாரும் நீட்டுவாங்க. ஒன்பது வருஷமா அந்த கிளினிக் ரிசப்ஷன்ல உக்காந்து, திறந்த கதவு வழியா இதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன். மூணாவது வரி வரைக்கும் ராஜா மாதிரி சொல்வாங்க. நாலாவதுல கழுத்து நீளும். அஞ்சாவதுல குரல் இறங்கும். ஆறாவது வரி வந்தா பாதிப் பேர் டாக்டரைப் பாத்து சிரிப்பாங்க.

— நானும் சிரிக்கணுமா?

— வேணாம். உங்களுக்குப் பொய்ச் சிரிப்பு வராது, காட்டிக் குடுத்துடும். திணறினாப் போதும். அதோட கடைசி வரியில ஒரு எழுத்தைத் தப்பாச் சொல்லணும். 'வ'வை 'ல'ன்னு சொல்லிடுங்க. நிறையப் பேர் அங்கதான் தடுக்கி விழுவாங்க.

— சரியாச் சொல்லவும் கத்துக்கணும், அதுல அளவாத் தப்புப் பண்ணவும் கத்துக்கணும். லைசென்ஸ் வாங்கினப்பகூட எனக்கு இவ்வளவு பாடு இல்லை.

— அப்ப உங்களுக்கு ரெண்டு கண்ணும் தெரிஞ்சுது.

— இப்பவும் தெரியுது. இதுல லேசாப் பனி, அவ்வளவுதான்.

— ஏங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க. மனப்பாடத்தை எல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு, அந்த இடது கண்ணால சும்மாப் பாத்தா எத்தனை வரி தெரியுது?

— எத்தனை தடவை கேப்பே? நாலு வரி. நாலாவது நல்லாவே தெரியுது. அஞ்சுல இருந்துதான் கண்ணாடியில ஆவி படிஞ்ச மாதிரி இருக்கு.

— சத்தியமா?

— சத்தியமா. சொட்டு மருந்து போட்டுக்கிட்டுதானே இருக்கேன்.

— சரி. அந்த நம்பிக்கையிலதான் நான் இந்தக் காரியத்தைச் செய்யறேன். சார்ட்டை நாலு துண்டா ஜெராக்ஸ் எடுத்து, டேப் ஒட்டி, சுருட்டிப் பையில வச்சுக்கிட்டு வெளிய வந்தப்ப, வாட்ச்மேன் என்னைப் பாத்து வணக்கம் சொன்னார். நான் பையை மறு தோளுக்கு மாத்திக்கிட்டேன். ரெண்டு வரிக்குத்தான் நான் கை குடுக்கறேன். அதுக்கு மேலன்னா என் மனசு ஒப்பாது.

— ரெண்டே வரிதான். நீ பயப்படாதே. இருபத்திரண்டு வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் உண்டா? டெப்போல யாரை வேணும்னாலும் கேளு.

— உங்க வண்டியைப் பத்தி யாரும் பரீட்சை வைக்கலை. நாலாவது வரி. சொல்லுங்க.

*

— ஸ்டூலை நல்லாப் பிடிச்சுக்கோ. சனிக்கிழமை மத்தியானம் எல்லா ஊட்லயும் மனுஷன் சாப்பிட்டுட்டுப் படுத்திருப்பான். நான் ஃபேனுக்கு மூஞ்சி கழுவி விட்டுக்கிட்டு இருக்கேன்.

— ரெண்டு மாசமா நீங்கதான் துடைக்கறேன் துடைக்கறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. இந்தாங்க ஈரத்துணி. மூணு இறக்கைதான், முப்பது இல்லை.

— ரைட்டு. ஒண்ணு. ரெண்டு. மூணு. முடிஞ்சுது, பளபளன்னு ஆயிடுச்சு. இறங்கவா?

— உங்களுக்கு இடது பக்கம் இருக்கிற இறக்கையில அழுக்கு அப்படியே கம்பளி மாதிரி இருக்கு.

— எங்க?

— தலையைத் திருப்புங்க. இன்னும். அதோ.

— அட, இது சுத்திச் சுத்தி வந்து என்னை ஏமாத்துது. ஃபேன் ஓடும்போது யாருக்குத் தெரியப் போகுது, சொல்லு.

— நிறுத்தும்போது தெரியும்.

— உனக்கு இன்னிக்கு வாய் ஜாஸ்தி. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுதான் பாக்கறே.

— ஏங்க, திரும்பவும் சொல்றேன்னு கோவப்படாதீங்க. கண்புரை ஆபரேஷன் இருபது நிமிஷம்தான். காலையில வர்றாங்க, மத்தியானம் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, போன் பேசிக்கிட்டே போறாங்க. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி என்ன ஆகப் போகுது?

— ஆபரேஷனுக்கா நான் பயப்படறேன்?

— பின்ன எதுக்கு?

— மீசையைத் தெரியும் இல்லே உனக்கு?

— உங்க கூட ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தவர்தானே. நம்ம ஊட்டுக்கு வந்தா முட்டை பொரிச்சுக் குடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

— அவரேதான். போன வருஷம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். கண்ணு நல்லாத் தெரியுது, எறும்பு போறதுகூடத் தெரியுதாம். ஆனா அம்பது தாண்டி கண்ணுல கத்தி பட்டவனுக்கு ஸ்டியரிங் கிடையாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. கேட்டுல ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சுட்டாங்க. உள்ள வர்ற பஸ் நம்பரை ஒரு நோட்டுல எழுதறார். வெளிய போற பஸ் நம்பரை இன்னொரு நோட்டுல எழுதறார்.

— வெயில்ல காய வேணாம், மழையில நனைய வேணாம். அதுவும் ஒரு வேலைதானே.

— போன வாரம் நான் வண்டியை எடுத்துக்கிட்டு கேட்டுல நிக்கறேன். நோட்டைக் கீழ வச்சுட்டு எழுந்து வந்தார். பானெட்டை ஒரு தடவு தடவிட்டுத் திரும்பிப் போய் உக்காந்துட்டார். அது அவர் பதினாலு வருஷம் ஓட்டின வண்டி. எனக்கு ஹாரன் அடிக்கக்கூட மனசு வரலை.

— ம்.

— என்னை அந்த நாற்காலியில உக்கார வச்சா ஒரு வருஷம் தாங்க மாட்டேன். எனக்கு வேற எதுவும் தெரியாது. சமைக்கத் தெரியாது, சீட்டு ஆடத் தெரியாது. அந்த ஒரு சீட்டுலதான் நான் மனுஷன்.

— வாயைக் கழுவுங்க. இறங்குங்க முதல்ல, டீ போடறேன். பாத்து, இடது காலை வைக்கறதுக்கு முன்னாடி கீழ பாருங்க, வாளி இருக்கு.

— தெரியுது, தெரியுது.

— வாளி அந்தப் பக்கம்.

— ரைட்டு. டீ குடிச்சுட்டு நான் ஒரு தூக்கம் போடறேன். சாயங்காலம் ரேடியோவுல மேட்ச் இருக்கு. நடுவுல சார்ட்டு கீர்ட்டுன்னு எழுப்பாதே. அஞ்சாவது வரியைப் படுத்துக்கிட்டேகூடச் சொல்வேன், அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கேன்.

— என்ன வழி?

— எல்லா எழுத்தையும் ஸ்டாப் ஆக்கிட்டேன். 'ம' மருந்துக்கடை. 'ப' பள்ளிக்கூடம். 'ட' டெப்போ. 'ர' ரயில்வே கேட்டு.

— நடுவுல ஒரு 'ய' இருக்கே. அதுக்கு எந்த ஸ்டாப்பு?

— யாரும் ஏறாத ஸ்டாப்பு.

— நல்லா இருக்கு போங்க. டாக்டர் கேட்டா டிக்கெட் கிழிச்சுக் குடுத்துடாதீங்க.

— சிரிச்சுட்டே பாரு. காலையிலேருந்து இப்பதான் சிரிக்கறே.

*

— பாப்பா, எழுந்திரு. மணி பதினொண்ணு ஆகுது. அப்பா ரெண்டு தடவை டீ குடிச்சாச்சு.

— ஞாயித்துக்கிழமைம்மா. வாரம் பூரா அடுத்தவங்க காலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் என் காலை நீட்டிப் படுக்க விடும்மா.

— செருப்புக் கடையில வேலைன்னா காலைப் பிடிக்காம, கையைப் பிடிச்சு வளையலா போட்டு விடுவாங்க?

— அப்பா, நீங்க பேசாதீங்க. உங்க மேல நான் கோவமா இருக்கேன். வியாழக்கிழமையே சண்டை போடணும்னு நினைச்சேன். நான் வரும்போது நீங்க தூங்கிடறீங்க, நான் எழுந்திருக்கறதுக்குள்ள டூட்டிக்குப் போயிடறீங்க.

— நான் என்ன பண்ணேன்?

— அம்மா, நீயே நியாயம் சொல்லு. வியாழக்கிழமை காலையில நல்ல மழை. கடைக்கு லேட்டாச்சு. மருந்துக்கடை முக்குல நின்னுக்கிட்டு இருக்கேன், அப்பா வண்டி வருது. பஸ் திரும்பறதுக்கு முன்னாடி கை காட்டினா நிறுத்துவார்னு பிளாட்பாரத்தை விட்டு ஒரு கால் இறங்கி நிக்கறேன். கை காட்டறேன். அப்பான்னு கத்தறேன். மனுஷன் நேரா எங்கயோ பாத்துக்கிட்டு, இடது பக்கம் ஒடிச்சுத் திருப்பிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கார்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, பக்கத்துல நின்ன ஆளு என் பையைப் பிடிச்சு இழுத்தார். பின் சக்கரம் நான் நின்ன இடத்து மேல ஏறிப் போச்சு. புதுச் செருப்பு அங்கயே கழண்டு கிடந்துது, வாங்கி மூணு நாள்தான் ஆச்சு. பாத்தா பக்கத்துல ஒரு கிழிசல். அந்த ஆளு, யாரும்மா இந்த டிரைவர், கண்ணை எங்க வச்சுக்கிட்டு ஓட்டறான்னு திட்டறார். நான், தெரியலை சார்னு சொல்லிட்டேன்.

— ஏன் பாப்பா இதை அன்னிக்கே சொல்லலை?

— சொன்னா நீ பயப்படுவேம்மா. அடிபடலையே. நான் சிரிச்சுக்கிட்டே கடைக்குப் போயிட்டேன். கடையில சொன்னா எல்லாரும், உங்க அப்பா ரொம்ப ஸ்ட்ரிக்ட்டான்னு கேக்கறாங்க. வீட்டு ஆளுன்னா ஸ்டாப் இல்லாத இடத்துல நிறுத்த மாட்டேன்னு ஒரு கொள்கையாப்பா உங்களுக்கு?

— ஆமா. முக்குல நின்னு கை காட்டறதெல்லாம் தப்பு. ஸ்டாப்புல போய் நிக்கணும். உனக்காக நிறுத்தினா நாளைக்கு ஊரே அங்க நிக்கும்.

— அப்ப பாத்தீங்க?

— பாத்தேன். பாத்துட்டுதான் நிறுத்தலை.

— பாத்தியாம்மா? பெத்த பொண்ணுன்னுகூட இரக்கம் இல்லை.

— ஏங்க, அன்னிக்கு இவ என்ன போட்டிருந்தா?

— என்ன போட்டிருப்பா? கடை யூனிஃபார்ம்தான். நீலச் சட்டை.

— மழைப்பா. மஞ்சள் கோட்டுப் போட்டிருந்தேன். நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க, ரோட்டுல தூரத்துலேருந்தே தெரியணும்னு.

— உள்ள நீலச் சட்டைதானே? நான் அதைச் சொன்னேன்.

— கோட்டுக்கு உள்ள இருக்கிற சட்டை தெரியுது, கோட்டு தெரியலையா? சமாளிக்கறதுல அப்பாவை மிஞ்ச ஆளு கிடையாது. அம்மா, நீ ஏன் அப்படியே நிக்கறே? எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொன்னேனே.

— ஒண்ணும் இல்லை. அந்தச் செருப்பை எடுத்துக்கிட்டு வா. பாக்கறேன்.

— ஊசி நூல் போட்டாச் சரியாயிடும்மா. கடையிலயே தச்சுக்கறேன்.

— எடுத்துக்கிட்டு வான்னு சொன்னேன்.

*

— பாப்பா கிளம்பிட்டாளா?

— இப்பதான் போனா. கூட வேலை செய்யற பொண்ணு ஊட்டுக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவா.

— நீ மத்தியானத்துலேருந்து ஒரு வார்த்தை பேசலை. சோத்தைப் போட்டே, தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டே. துணியெல்லாம் மடிச்சுட்டே. என் சட்டையை மட்டும் மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சு மடிச்சே.

— பேசறதுக்கு என்ன இருக்கு? வாங்க, கடைசித் தடவையா ஒரு முறை பாத்துடலாம். நாளைக்குக் காலையில நேரம் இருக்காது.

— இதான் என் ரிசப்ஷன் மேடம். ரைட்டு. எங்க நிக்கணும்?

— கட்டிலுக்கு இந்தப் பக்கம், கோடு போட்டிருக்கேனே அங்க. முதல்ல வலது கண்ணை மூடுங்க. அப்புறம்தான் சார்ட்டை மறைச்சு மாட்டியிருக்கிற காலண்டரை எடுப்பேன். டாக்டர் ரூம்லயும் கண்ணை மூடச் சொல்லிட்டுதான் சார்ட்டுல லைட்டைப் போடுவாங்க.

— மூடியாச்சு.

— நல்லா மூடுங்க.

— உள்ளங்கை பாரு, இடுக்கே இல்லை.

— எடுத்துட்டேன். ஆரம்பிங்க.

— ப. அடுத்தது, ட, ம. க, ர, ல. எப்படி, ராஜா மாதிரி சொன்னேனா?

— பேசாதீங்க. படிங்க.

— ரைட்டு. த... ந... வ, ச. இப்ப அஞ்சாவது. ம... ப... அது 'ய'வா? 'ய'தான். ட. ர. கடைசி வரி ரொம்பச் சின்னதா இருக்கு சார். ல... க... ச... இது 'ல'வோ? ஆமா, 'ல'. ந. அப்புறம்... த. முடிஞ்சுது. 'ரொம்பச் சின்னதா இருக்கு சார்'னு நானாச் சேர்த்துக்கிட்டேன். நல்லா இருந்துதா?

— நல்லா இருந்துது.

— கழுத்து?

— நீட்டினீங்க.

— குரல்?

— இறங்கிச்சு. எல்லாமே சரியா இருந்துது. டாக்டர் மறுபேச்சு இல்லாமக் கையெழுத்துப் போட்டுடுவார்.

— அப்புறம் ஏன் உன் குரல் இப்படி இறங்குது? கையை எடுத்துடவா?

— எடுக்காதீங்க. மூடினபடியே ரெண்டு அடி முன்னாடி வாங்க.

— எதுக்கு?

— வாங்க. இன்னும் வாங்க. இன்னும் ஒரு அடி. இப்ப இன்னொரு கையை நீட்டுங்க. சுவர் தட்டுதா?

— தட்டுது.

— தாள் மேலதான் உங்க கை இருக்கு. எல்லாத்தையும் விடப் பெரிய எழுத்து, என் தலை அளவு இருக்கிறது, அது என்னன்னு சொல்லுங்க.

— 'ப'தான். இதுல என்ன சந்தேகம்?

— இல்லைங்க. பாப்பா செருப்பைப் பாத்ததும் நேரா இங்க வந்து சார்ட்டைத் திருப்பி மாட்டிட்டேன். நீங்க இவ்வளவு நேரம் படிச்சது வெறும் தாள்.

— திருப்பி மாட்டிட்டியா?

— கையை எடுத்துப் பாருங்க.

— எடுத்துட்டேன். பாத்துட்டேன். டேப்பு ஒட்டினது தெரியுது.

— நாலு வரி தெரியுதுன்னு சத்தியம் பண்ணீங்க.

— பண்ணேன்.

— ஒரு வரியாவது தெரியுதா?

— வெளிச்சம் தெரியும். ஜன்னல் திறந்திருக்கா மூடியிருக்கான்னு தெரியும். உன்கிட்ட சொல்லலாம்னு எத்தனையோ நாள் வாயெடுத்தேன். சொன்னா நீ சார்ட்டைக் கொண்டுவர மாட்டேன்னு தெரியும்.

— கொண்டுவந்திருக்க மாட்டேன். உண்மைதான். இப்ப நான் எந்த மூஞ்சியோட அந்த ரிசப்ஷன்ல போய் உக்காரறது? நாளைக்கு உங்க பேரைக் கூப்பிடறதே நான்தான். அந்தச் செருப்பு இருக்கே, கிழிசல் இல்லைங்க அது. ஓரம் பூரா நசுங்கிப் போய் கிடக்கு. அவ சின்னதாச் சொல்லிட்டா.

— எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது.

— சத்தியம் பண்ணாதீங்க.

— சரி.

— நாளைக்கு டாக்டர்கிட்ட நான் போய் சொல்லிடறேன். சார்ட்டைத் திருடினது நான்னு சொல்றேன். என்ன பண்றாங்களோ பண்ணட்டும். ஆனா நீங்க அந்த வண்டியில ஏறக் கூடாது. செக்கப் பத்து மணிக்கு, உங்க டூட்டி அஞ்சு மணிக்கு. அதுக்கு நடுவுல அஞ்சு மணி நேரம் இருக்கு.

— தெரியும்.

— தெரியும்னா?

— போனை எடுத்துக் குடு. டெப்போ மேனேஜர் இந்நேரம் ஊட்லதான் இருப்பார். காலைக்கு வேற ஆளைப் போடச் சொல்றேன்.

— என்ன காரணம் சொல்வீங்க? கண்ணு சரியில்லைன்னா, செக்கப் முடியட்டும் அப்புறம் பாக்கலாம், காலையில வந்து வண்டியை எடுன்னு சொல்வார்.

— கண்ணைப் பத்தி மட்டும் சொன்னா அப்படித்தான் சொல்வார். மூணு மாசமா ரோட்டோட இடது பக்கத்தை மனப்பாடமாத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்னு சொல்லப் போறேன்.